வச்சிரச் சட்டி

நுழையும்முன்

மரத்தை இசைக்கருவியாக்குவதில் உளிக்கும் இழைப்புளிக்கும் உள்ள பங்கு பசைக்கும் உண்டு. சோறு, மெழுகு, புளியங்கொட்டை, விலங்குத்தோல் எனத் தம்மைச் சூழ்ந்திருந்த பொருள்களிலிருந்தே நம் கைவினைஞர்கள் பசைகளை உருவாக்கிக்கொண்டனர். எந்த இணைப்புக்கு எந்தப் பசை என்பதை அவர்கள் எவ்வாறு தேர்ந்தனர்? பழுதுபட்ட ஒரு கிட்டாரின் கதை வழியே அதனை அறிய முற்படுகிறது இக்கட்டுரை.

திண்ணையில் இரண்டு சட்டிகள்

விழுப்புரத்தை அடுத்த காணையில், எங்கள் தெருவின் கடைசி வீடு ஆசாரித் தாத்தாவுடையது. ஏர், கதவு, கட்டில், தொட்டில் என ஊருக்கு வேண்டிய மரவேலை அனைத்தும் அவர் கையில்தான் நடந்தது. அவர் வீட்டுத் திண்ணையோரத்தில் எப்போதும் ஓர் அடுப்பு புகைந்துகொண்டிருக்கும். அதன்மேல் ஒரு பெரிய சட்டி. அதில் பாதியளவு தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் ஒரு சிறிய சட்டி. சிறிய சட்டியில் தேன் நிறத்தில் இளகிக் கிடப்பதுதான் வச்சிரம்.

மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்து, உலர்த்தி, வில்லைகளாகக் கடைகளில் விற்பார்கள். அதை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் இளஞ்சூட்டில் உருக்கவேண்டும். அதன் நாற்றம் தாங்காமல் சிறுவர்களாகிய நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். தாத்தா சிரிப்பார். “கொதிக்க விட்டால் இது செத்துப்போகும் தம்பி, சுட்டால் போதும்” என்பார். ஒரு பசை எப்படிச் செத்துப்போகும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அண்ணனின் கிட்டார்

1986ஆம் ஆண்டு என் அண்ணன் புதுச்சேரியிலிருந்து பழைய கிட்டார் ஒன்றை வாங்கி வந்தார். நைலான் தந்திகள் ஆறு பூட்டிய கருவி. இரவில் உணவு முடிந்ததும் வேப்பமரத்தடியில் அமர்ந்து திரையிசைப் பாடல்களைத் தட்டுத்தடுமாறி வாசிப்பார். தெருவே கேட்கும். 1989இல் வளைகுடா நாடொன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. புறப்படும்போது கிட்டாரை என்னிடம் ஒப்படைத்து, “தந்தியைத் தளர்த்தி வை, வெயில் படாமல் பார்த்துக்கொள்” என்றார். அப்போது நான் கல்வியியல் பட்டப்படிப்பில் இருந்தேன். சொன்ன இரண்டையும் மறந்தேன்.

கத்திரி வெயில் காலம். ஓட்டுக்கூரையை ஒட்டிய சுவரில் கிட்டார் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிற்பகலில் படாரென்ற ஓசை கேட்டு ஓடிப் பார்த்தேன். தந்திகளைத் தாங்கும் ‘குதிரை’ மேற்பலகையிலிருந்து முழுவதுமாகப் பெயர்ந்து தந்திகளில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

அது ஏன் பெயர்ந்தது என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து குதிரையை ஏறத்தாழ 40 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் இழுக்கின்றன. ஆணியோ திருகோ இல்லை. மூன்று மில்லிமீட்டர் தடிப்புக்கூட இல்லாத மெல்லிய பலகையில், பசை ஒன்றே அதனைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தக் கிட்டாரில் பூசியிருந்தது வெள்ளை நிறச் செயற்கைப் பசை. மேசை, நாற்காலிக்கு அது மிக நல்ல பசை. ஆனால் ஓயாத இழுவிசையில், அதுவும் வெப்பம் சேரும்போது, அது கொஞ்சம் கொஞ்சமாக இளகி நகரும் இயல்புடையது.

நான் ஆசாரித் தாத்தாவிடம் போகவில்லை. பட்டம் படிக்கும் எனக்குப் பசை ஒட்டத் தெரியாதா என்ற எண்ணம். இரு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கும் செயற்கைப் பசையைக் கடையில் வாங்கிவந்து, குதிரையை அழுத்தி ஒட்டினேன். மறுநாள் முழு வலிமையுடன் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பெருமிதமாக இருந்தது.

பசை விடவில்லை, மரம் விட்டது

1991இல் அண்ணன் விடுமுறைக்கு வந்தார். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கிட்டாரைத்தான் கேட்டார். சுருதி கூட்டினார். வெறுந்தந்தியில் எல்லாம் சரியாக ஒலித்தன. மெட்டுகளில் விரல் வைத்ததும் முகம் மாறியது. “எங்கே அழுத்தினாலும் சுருதி ஏறுகிறதே, ஏன்டா?” என்றார்.

கிட்டாரின் பன்னிரண்டாவது மெட்டு, தந்தி அதிரும் நீளத்தின் நடுவில் அமையவேண்டும். நீளம் 650 மில்லிமீட்டர் என்றால் மெட்டு 325இல் இருக்கும். அங்கே அழுத்தினால் அதே சுரம் மேல்தாயியில் ஒலிக்கும். நான் ஒட்டியபோது ஈரப்பசையில் குதிரை ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் முன்னே வழுக்கியிருந்தது. நடுவில் இருக்கவேண்டிய மெட்டு இப்போது நடுவில் இல்லை. அந்த ஒரு பிழை எல்லா மெட்டுகளையும் பொய்யாக்கிவிட்டது.

அன்றிரவு அண்ணன் உறங்கியபின், கத்தி ஒன்றைக் குதிரையின் அடியில் செலுத்தி நெம்பினேன். பசை விடவில்லை, மரம் விட்டது. மேற்பலகையின் நாரோடு ஒரு விரல் அகலத்துக்குப் பிய்ந்து வந்தது. காலையில் அண்ணன் அதைப் பார்த்தார். என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிய்ந்த இடத்தை விரலால் தடவிவிட்டு வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கழற்றத் தெரிந்து ஒட்டுதல்

அதன்பின்தான் ஆசாரித் தாத்தாவின் திண்ணைக்குப் போனேன். அவர் கிட்டாரை மடியில் வைத்து, விரல்கணுவால் மேற்பலகையைத் தட்டிக் கேட்டார். “இந்தக் கருவி எனக்குத் தெரியாது, மரம் தெரியும்” என்றார். பிறகு, “ஒட்டினது தப்பில்லை தம்பி. எப்படிக் கழற்றுவது என்று நினைக்காமல் ஒட்டினாயே, அதுதான் தப்பு. விழுப்புரம் ஜங்ஷனில் பெட்டி கோக்கிறவன் பாதியில் விடாதபடி இறுக்கித்தான் கோக்கிறான். ஆனால், கழற்ற வேண்டிய ஊரில் கழற்றவும் வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்” என்றார்.

வேலை ஐந்து நாள் நடந்தது. முதலில் என் பசையின் மிச்சத்தைச் சுரண்டி எடுத்தார். அதற்கே ஒருநாள் ஆயிற்று. பிய்ந்த இடத்தைச் சதுரமாக்கி, இயந்திரம் வந்திறங்கிய பெட்டியின் ஊசியிலை மரப்பலகையிலிருந்து, நாரின் ஓட்டம் ஒத்துப்போகுமாறு ஒரு துண்டை இழைத்துப் பதித்தார். குதிரையின் இடத்தைக் கணிக்க அளவுகோலைத் தேடவில்லை. தந்தி தொடங்கும் இடத்திலிருந்து பன்னிரண்டாவது மெட்டுவரை ஒரு நூலைப் பிடித்து, அதை இரட்டித்துப் புள்ளி வைத்தார்.

பசை பூசுவதற்கு முன், பசையில்லாமலே ஒருமுறை எல்லாவற்றையும் பொருத்தி, கயிறு சுற்றி, ஆப்பு வைத்து இறுக்கிப் பார்த்துவிட்டுக் கழற்றினார். வச்சிரம் சூடு ஆறத் தொடங்கியதும் கூழாகிவிடும். தடுமாற நேரம் இல்லை. அந்த நேரத்தை நீட்டவே குதிரையையும் பலகையையும் வெயிலில் சற்றுச் சூடேற்றிக்கொண்டார். ஒரு துளி வச்சிரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து விரித்துப் பார்த்தார். மெல்லிய இழை ஓடியது. “பதம்” என்றார்.

அவருடைய பதத்துக்குப் பின்னே உள்ள அறிவியலை நான் பின்னாளில் படித்தேன். தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்னும் புரதம் வெந்நீரில் ஜெலட்டினாக மாறுகிறது. அதுவே வச்சிரத்தின் உயிர். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் அதனை உருக்கப் போதுமானது. கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால் புரதச் சங்கிலிகள் அறுபட்டுப் பசை வலுவிழக்கும். ‘செத்துப்போகும்’ என்று தாத்தா சொன்னது இதைத்தான். சட்டிக்குள் சட்டி வைத்ததும் இதற்காகவே.

வச்சிரம் உலரும்போது சுருங்கி இரு மரங்களையும் நெருக்கமாக இழுத்துக்கொள்கிறது. உலர்ந்தபின் கண்ணாடிபோல் இறுகி, இழுவிசைக்கு நகராமல் நிற்கிறது. ஆனால் வெப்பமும் ஈரமும் ஒருசேரக் கிடைத்தால் மரத்தைக் கிழிக்காமல் விட்டுவிடுகிறது. பழைய வச்சிரத்தின்மேல் புதிய வச்சிரம் தயங்காமல் பற்றும். இந்த மூன்று பண்புகளும்தாம் அதை இசைக்கருவிக்கு உரிய பசையாக்குகின்றன.

எதற்கு எந்தப் பசை

அந்தப் பாடம் கிடைத்தபின், பசை என்னும் சொல் எங்கே கேட்டாலும் நின்று கவனிக்கலானேன்.

மிருதங்கத்தின் வலப்புறத்தில் உள்ள கரும்பகுதியைப் பாருங்கள். அதனைச் ‘சோறு’ என்றே கலைஞர்கள் அழைப்பர். வெந்த சோற்றையும் கரிய கல்லின் பொடியையும் பிசைந்து, மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக அப்பி, கல்லால் தேய்த்துத் தேய்த்து அமைப்பது அது. சோறுதான் அங்கே பசை. அந்தக் கரும்பகுதியின் எடையே மிருதங்கத்திற்குச் சுரத்தன்மையை அளிக்கிறது என்பதை ஆராய்ந்து, சர் சி.வி. இராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். இடப்புறத்தில் கச்சேரிக்குச் சற்று முன் ரவையைப் பிசைந்து அப்புவர். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவர். ஒரே கருவியில் ஒருபுறம் நிலைக்கும் பசை. மறுபுறம் ஒரு மாலைப்பொழுதுக்கான பசை.

எங்கள் பகுதிக்கு அண்மையில் உள்ள பண்ருட்டிப் பலாமரம் தஞ்சாவூரில் வீணையாகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது தஞ்சாவூர் வீணை. அதன் 24 மெட்டுகளையும் ஆணியடித்துப் பொருத்துவதில்லை. தேன்மெழுகுடன் கரி முதலியவற்றைக் கலந்து அமைத்த மெழுகுப் படுகையில், செவியால் சுரம் தேர்ந்து ஒவ்வொன்றாகப் பதிக்கின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல மெட்டு தேயும், சுரம் பிசகும். அப்போது மெழுகை இளக்கி மெட்டுகளை மீண்டும் அமைத்துக்கொள்ளலாம். மெழுகின் மென்மை அங்கே குறையன்று. அதற்காகவே அது தேர்ந்தெடுக்கப்பட்டது.

நான் ஆசிரியராகச் சேர்ந்த திண்டிவனத்தின் பெயரைத் ‘திந்திரிணிவனம்’ என்பதன் மரூஉ என்பர். திந்திரிணி என்றால் புளி. அந்தப் புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சினால் உறுதியான பசை கிடைக்கும். தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் துணியை ஒட்ட அது பயன்பட்டுவந்தது. வகுப்பறை நிலப்படங்களுக்குத் துணி ஒட்ட நானும் அதைக் காய்ச்சியிருக்கிறேன்.

கடல்கடந்த கருவிகளிலும் இதே நெறி உண்டு. பாலுசாமி தீட்சிதரால் கருநாடக இசைக்குள் வந்த வயலினின் மேற்பலகையை, வேண்டுமென்றே நீர்க்கக் கரைத்த வச்சிரத்தால் ஒட்டுவர். பருவம் மாறி மரம் இறுகும்போது பலகை பிளவாமல் ஒட்டு விட்டுக்கொடுக்கும். இத்தாலியின் கிரெமோனா நகரில் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களுள் பெரும்பாலானவற்றின் கழுத்து, இசைமுறை மாறிய பிற்காலத்தில் மாற்றியமைக்கப்பட்டது. திறக்கத்தக்க பசையால் அவை இணைக்கப்பட்டிருந்ததனால்தான் அது எளிதாக இயன்றது. ஸ்பெயின் நாட்டுக் கிட்டார்க் கலைஞர் அந்தோனியோ தெ தோரெஸ், கிட்டாரின் குரல் மேற்பலகையில்தான் இருக்கிறது என்று காட்ட, 1862இல் பக்கங்களையும் பின்புறத்தையும் காகிதக்கூழ் அட்டையால் செய்த கிட்டார் ஒன்றை உருவாக்கினார். நான் பிய்த்தது அந்தக் குரலைத்தான் என்று அதைப் படித்த நாளில் உணர்ந்தேன்.

வச்சிரத்துக்கும் குறைகள் உண்டு. மழைக்காலக் காற்றின் ஈரத்தில் தளரும், பூச்சிகள் அரிக்கும், விலங்குப்பொருள் என்பதால் விலக்குவோரும் உளர். மழையில் நனையும் கதவுக்கு அதைப் பூசுவது பேதைமை. அங்கே செயற்கைப் பசையே சிறந்தது. பசையில் உயர்ந்தது, தாழ்ந்தது என்பதில்லை. இடம் அறிந்து தேர்வதே அறிவு.

தெரிந்து தெளிவோம்

கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய ‘பிருகத் சம்கிதை’ என்னும் வடமொழி நூலில், ‘வஜ்ரலேபம்’ என்னும் உறுதியான பூச்சுக் கலவைகளைச் செய்யும் முறைகள் ஓர் அதிகாரமாக அமைந்துள்ளன. வில்வம், விளாம்பழம் முதலிய தாவரப் பொருள்களாலும், கொம்பு, தோல் முதலிய விலங்குப் பொருள்களாலும் ஆன கலவைகள் அதில் இடம்பெறுகின்றன.

மீண்டும் அடுப்பில்

ஆசாரித் தாத்தா மறைந்தபின் அவர் பிள்ளைகள் வேறு வேலை தேடிச் சென்னைக்குப் போயினர். இரட்டைச் சட்டி என்னிடம் வந்தது. என் அண்ணனும் இன்று இல்லை. கிட்டார் அவர் மகளிடம் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் இருமுறை அதன் குதிரை எழும்பியது. இருமுறையும் மரத்தின் ஒரு நார்கூடப் பியவில்லை. விட்ட இடம் வழவழப்பாக இருந்தது.

இரண்டாம் முறை அவள் கருவியோடு காணைக்கு வந்து, “சித்தப்பா, இனிமேல் விடவே விடாத பசையாகப் பார்த்து ஒட்டுங்களேன்” என்றாள். அவளை அருகில் அமர்த்தி, அவள் தந்தை பிறருக்குச் சொல்லாமல் விட்ட கதையைச் சொன்னேன். முதல்நாள் இரவே ஊறவைத்திருந்த வில்லைகளைச் சிறிய சட்டியில் இட்டு அடுப்பை மூட்டினேன். குதிரையை வெயிலில் வைத்துச் சூடேற்றிவரச் சொன்னேன். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டே போனாள்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் உள்ள தச்சர், இசைக்கருவி செய்பவர், நூற்கட்டுநர் ஆகியோருள் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் பசைகளையும் அவற்றைத் தேர்ந்தெடுக்கும் காரணங்களையும் கேட்டு எழுதுக.
2. பசை, பிசின், அரக்கு, மெழுகு, வச்சிரம் ஆகிய சொற்கள் குறிக்கும் பொருள்களின் வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.
3. நீங்கள் சரிசெய்ய முயன்று மேலும் பழுதாக்கிய ஒரு பொருளைப் பற்றித் தன்அனுபவக் கட்டுரை வரைக.