மெயின் லைன் ஓரத்துப் புத்தகங்கள்

தொழிலதிபர் வாழ்க்கை வரலாறு எதைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒரு பத்தியைத் தேடுவேன்: கடை போடப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்திருக்கும். மாமனார் கொடுத்தார், சித்தப்பா ஜாமீன் நின்றார், அவ்வளவுதான். அதற்கப்புறம் முந்நூறு பக்கத்துக்கு விடாமுயற்சி. அந்த மாமனாரைப் பற்றி யாராவது எழுதினால் விலை பார்க்காமல் வாங்குவேன்.

*

ஷரத் சாரியின் ‘ஃப்ரெட்டர்னல் கேப்பிட்டல்’ (2004) கிட்டத்தட்ட அந்த மாமனாரின் கதை. இடம் திருப்பூர். காட்டு வேலையை விட்டு வந்த கவுண்டர்கள் பனியன் கம்பெனியில் கூலிக்கு நின்று, தொழில் கற்று, சின்னதாக யூனிட் போட்டு, முதலாளி ஆனது எப்படி என்று ஆராய்கிறார். ‘உழைத்தோம், வந்தோம்’ என்று அவர்கள் சொல்வதை சாரி பொய்யென்று தள்ளவில்லை, அப்படியே நம்பிவிடவும் இல்லை. உழைப்புக்குப் பின்னால் சாதியும் சொந்தமும் நின்றதை எடுத்துக் காட்டுகிறார். பின்னாளில் பெண்கள் பெருவாரியாக வேலைக்கு வந்தபோது அதே வழி அவர்களுக்குத் திறக்கவில்லை என்பதையும் விடவில்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. எங்கள் தருமபுரி மாவட்டத்து மொரப்பூரில் பையைத் தூக்கிக்கொண்டு கோவைப் பக்கம் போகிற வண்டியில் ஏறுகிறவர்களுக்குத் திருப்பூர் அந்நிய ஊர். அங்கே மாமனும் கிடையாது, பங்காளியும் கிடையாது. அந்த இருக்கையில் உட்கார்ந்து எழுதிய புத்தகம் வேண்டும்.

*

மார்க்ஸின் ‘மூலதனம்’, தியாகு மொழிபெயர்ப்பு. சிறையில் இருந்தபடி செய்த வேலை. சரக்கு பற்றிய முதல் அத்தியாயத்திலேயே மூச்சு வாங்கி மூடிவைத்தவர்கள் நிறைய. வேலைநாள் பற்றிய அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் கட்சி. ரொட்டி சுடுகிறவர்கள், ரயில்வே கார்டு, தைத்துத் தைத்தே செத்துப்போன பெண் என்று மனிதர்கள் வருகிறார்கள். மதிப்பு, உபரி எல்லாம் பிறகு தானாகப் புரியும். தோழர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

*

ஆடம் ஸ்மித்தைத் திட்டுகிறவர்களும் புகழ்கிறவர்களும் அதிகம் படிக்காத பகுதி ஒன்று இருக்கிறது. 1776இல் வந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலின் நான்காம் பாகத்தில், தானிய வியாபாரம் பற்றி வழிவிலகிப் போய் அவர் எழுதிய பக்கங்கள். விளைச்சல் குறைந்தால் தட்டுப்பாடு வரும், அதைப் பஞ்சமாக்குவது விலையில் கைவைக்கும் அரசாங்கம்தான் என்பது வாதம். ஐரோப்பாவைப் பார்த்து எழுதியது. நூறு வருஷம் கழித்து, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், வைஸ்ராய் லிட்டனின் அரசாங்கம் அதையே வேதமாகப் பிடித்துக்கொண்டது. சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் தானியம் வாங்கிச் சேர்த்தபோது கல்கத்தா அதட்டியது. நிவாரண வேலைக்கு, லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். ஒரு பவுண்டு அரைக் கிலோகூட ஆகாது. கல் உடைக்கிற ஆளுக்கு அது!

மைக் டேவிஸின் ‘லேட் விக்டோரியன் ஹாலோகாஸ்ட்ஸ்’ (2001) இந்தக் கூலியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கத்துகிறது. ரயில் தானியத்தைக் கொண்டுவந்ததோடு நிற்கவில்லை, விலை ஏறட்டும் என்று காத்திருந்த கிடங்குகளுக்கும் அதுவே கொண்டுபோனது என்கிறார். மொரப்பூர் வழியாகப் போகிற மெயின் லைன் 1860களிலேயே சேலம் ஜில்லாவுக்குள் வந்துவிட்டது, அன்றைக்குத் தருமபுரிக்காரர்கள் நாமும் அந்த ஜில்லா. பஞ்சம் கடுமையாக அடித்த ஜில்லாக்களில் ஒன்று. அப்புறம் பஞ்சக் காப்பு என்று சொல்லி மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதை ரயில் விட்டார்கள், 1906இல். 1913இல் ஓசூர் வரை நீட்டினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிறுத்தி, தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அகலப் பாதைக்கு அடிக்கல் 2019இல்.

டேவிஸிடம் எனக்குப் பிடிக்காதது: லிட்டன்மேல் இருக்கிற கோபத்தில் உள்ளூர் தானிய வியாபாரியைச் சீக்கிரமே விட்டுவிடுகிறார். மூட்டையை அடுக்கியவர் சீமையிலிருந்து வரவில்லையே.

*

1792இல் திப்புவிடமிருந்து எங்கள் பகுதியான பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும் அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து குடியானவரிடம் நேரே வரி கேட்டார்கள். ரயத்துவாரி என்கிற அந்த வரிமுறை இந்த மண்ணில்தான் உருவானது. கார்ல் போலன்யியின் ‘தி கிரேட் டிரான்ஸ்ஃபர்மேஷன்’ (1944) நிலம் எப்படிச் சரக்கானது என்று இங்கிலாந்தை வைத்துச் சொல்கிற இடங்களில், ஓரத்தில் மன்றோ பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

*

‘டிஃபையிங் தி ஆட்ஸ்’ (2014). தேவேஷ் கபூர், டி. ஷ்யாம் பாபு, சந்திரபான் பிரசாத் மூவரும் தலித் தொழில்முனைவோரைப் பற்றி எழுதியது. சந்தை சாதியைத் தளர்த்தும் என்கிற நம்பிக்கை. இதைக் கிண்டல் செய்ய நான் தயாரில்லை. உள்ளூரில் கைகட்டி நிற்பதைவிட பெங்களூரில் சென்ட்ரிங் வேலை எவ்வளவோ மேல் என்று நினைப்பவர்களிடம் நியாயம் இருக்கிறது.

ஆனால் 2012 நவம்பர் 7ஐ என்ன செய்வது? தருமபுரி அருகே நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. சாதி தாண்டிய ஒரு திருமணத்தைச் சாக்காக வைத்து 200க்கும் மேற்பட்ட தலித் வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். வெளியூர்க் கூலியில் கட்டின வீடு, வாங்கின பீரோ, வண்டி. சம்பாதிக்கச் சந்தை வழிவிட்டது, சம்பாதித்ததை ஊரில் வைத்துக்கொள்ள ஊர் விடவில்லை. அந்தப் புத்தகத்தில் இந்த இரண்டாவது பாதிக்குப் போதுமான இடம் இல்லை.

பார்பரா ஹாரிஸ்-வைட்டின் ‘இந்தியா வொர்க்கிங்’ (2003) இந்த விஷயத்தில் கறார். நம் பொருளாதாரத்தின் பெரும்பகுதியைச் சட்டப் புத்தகம் நடத்தவில்லை, சாதியும் மதமும் ஆண்-பெண் பேதமும்தான் நடத்துகின்றன என்கிறார். ஆரணியைப் பல பத்தாண்டுகள் பார்த்தவர். ஆங்கிலம் கரடுமுரடு, பொறுத்துக்கொள்ளலாம்.

*

தமிழில் வணிகம் பற்றிய நல்ல புத்தகங்கள் நாவல் அலமாரியில் ஒளிந்திருக்கின்றன. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966), இரண்டு வியாபாரிகளின் போட்டியும் முனிசிபல் அரசியலும் சேர்ந்து ஒரு மரத்தை முடிப்பது. சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’, கரும்பாலைக்காகத் தோட்டத்தைக் கொளுத்துவது. கடைசியில் ஊருக்கு நல்ல புளி கிடைக்காமல் போகிறது. ஆலைக்காரனை வில்லனாக்காமல் கந்தசாமி இதைச் செய்திருப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

இரண்டிலும் புளி. புளிக்குப் பேர்போன நம் மாவட்டத்தில் அந்த வியாபாரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாம். காய் தொங்கும்போதே மரத்தைக் குத்தகை பேசி முன்பணம் கொடுக்கிறவர், சாலையோர மரங்களை ஏலம் எடுக்கிறவர், உலுக்குகிற ஆள், வாசலில் உட்கார்ந்து கிலோக் கணக்கில் கூலிக்குக் கொட்டை எடுக்கிற பெண்கள். மாசி, பங்குனியில் சரக்கு குவியும்போது விலை படுத்துவிடும். குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் புளி கறுக்காது; அங்கே வைக்க முடிந்தவருக்குத்தான் பிந்தைய மாதங்களின் விலை. முன்பணம் வாங்கிய மரத்துக்காரருக்கு அந்த விலை வெறும் செய்தி.

எழுதுகிறவர் ஒரு வருஷம் இங்கே தங்க வேண்டும். கொட்டை எடுக்கிறவர்கள் கேட்டதெல்லாம் சொல்வார்கள். கிடங்கில் சரக்கு வைத்திருப்பவர் வாய் திறக்க மாட்டார். அவருடைய கணக்கப்பிள்ளையைப் பிடிக்க வேண்டும்.