கத்தியும் முள்கரண்டியும்

மக்கள் உண்ணும் பொருள்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. அவற்றை உண்ணும் முறைகளும் அவ்வாறே வேறுபடுகின்றன. பிறர் உண்ணும் பொருள் நமக்குப் புதுமையாகத் தோன்றுகிறது. அவர்கள் உண்ணும் முறையோ நமக்கு நகைப்பைத் தருகிறது. புதுமையைக் கண்டால் அறிய விரும்புகிறோம். நகைப்பு வந்தால் அறிவதை நிறுத்திக்கொள்கிறோம். இஃது ஏன் என்று நான் பலகால் எண்ணியதுண்டு. எனக்கு மிகவும் விருப்பமான ஓர் உணவே இதற்கு விடை தந்தது. அவ்வுணவு பீட்சா. அதிலும், வீட்டில் செய்து, சூடு ஆறுமுன் தட்டில் இட்டு, கத்தியாலும் முள்கரண்டியாலும் உண்ணும் மெல்லிய, மிருதுவான பீட்சா.

பீட்சாவின் தாயகம் இத்தாலி நாட்டின் தென்பகுதியில் உள்ள நேப்பிள்ஸ் நகரம். கடலை நோக்கி அமைந்த அந்நகரத்திற்கு அருகே வெசூவியஸ் என்னும் எரிமலை நிற்கிறது. எரிமலையின் சாம்பல் கலந்த மண் வளம் மிக்கது. அம்மண்ணில் தக்காளி செழித்து விளைகிறது. ஆயினும், தக்காளி இத்தாலிக்கு உரிய பயிர் அன்று. அது 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது. நெடுங்காலம் அதனை நச்சுக்கனி என்று அஞ்சி ஒதுக்கியவர் பலர். நேப்பிள்ஸ் நகரத்து ஏழை மக்களோ அதனை ஏற்றுக்கொண்டனர். தட்டையாகச் சுட்ட ரொட்டியின்மேல் தக்காளியைப் பரப்பி உண்டனர். வணிகர்கள் அதனைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். இவ்வாறு உழைப்பாளியின் பசியைத் தணிக்கப் பிறந்த உணவே இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது.

அந்நகரத்தில் நண்பர் ஒருவர் இல்லத்தில் நான் சில நாள் விருந்தினனாகத் தங்கியிருந்தேன். நண்பரின் தாயார் முதியவர். அவர் ஒருநாள் மாலை கோதுமை மாவில் நீரும் உப்பும் சிறிதளவு ஈஸ்டும் சேர்த்துப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வைத்தார். “இஃது இன்றைக்கு அன்று, நாளைக்கு” என்று அவர் கூறியதை நண்பர் எனக்கு மொழிபெயர்த்தார். ஓர் இரவும் ஒரு பகலும் அம்மாவு காத்திருந்தது. ஈஸ்ட் என்பது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர். அது மாவில் உள்ள சர்க்கரையை உண்டு, கரியமில வாயுவை வெளியிடுகிறது. அவ்வாயு மாவினுள் சிறு சிறு குமிழிகளாகத் தங்க, மாவு உப்பி மென்மை அடைகிறது. காலம் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்துவிட முடியாது என்பதை அந்த அம்மையார் நன்கு அறிந்திருந்தார்.

மறுநாள் அவர் மாவை உருண்டைகளாக்கி, விரல்களாலேயே வட்டமாகப் பரப்பினார். “குழவி வேண்டாவா?” என்று கேட்டேன். “குழவியால் தேய்த்தால் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் ஓடிவிடும், மகனே!” என்றார். நடுவில் மெல்லியதாகவும் ஓரத்தில் சற்றுத் தடித்தும் இருந்த அவ்வட்டத்தின்மேல் பிசைந்த தக்காளியைப் பரப்பினார். வெண்ணிறமான பாலாடைக்கட்டியைப் பிய்த்து இட்டார். நம் நாட்டுத் திருநீற்றுப்பச்சிலையே அங்கும் மணத்துக்கு உதவுகிறது. அதன் இலைகள் சிலவற்றைத் தூவினார். இறுதியில் ஆலிவ் எண்ணெயைச் சில துளிகள் சொரிந்தார். சிவப்பும் வெள்ளையும் பச்சையும் கலந்த இவ்வகைக்கு மார்கரீட்டா என்று பெயர். 1889ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் அரசி மார்கரீட்டா இதனைச் சுவைத்து மகிழ்ந்தமையால் இப்பெயர் வந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. அக்கதையை ஐயுறும் ஆராய்ச்சியாளரும் உளர்.

நேப்பிள்ஸ் நகரத்துக் கடைகளில் விறகு எரியும் செங்கல் அடுப்பில் பீட்சாவைச் சுடுகிறார்கள். அவ்வடுப்பின் வெப்பம் ஏறத்தாழ 485 பாகை செல்சியஸ். அதில் 60 முதல் 90 நொடிகளுக்குள் பீட்சா வெந்துவிடும். வீட்டு அடுப்போ பெரும்பாலும் 250 பாகையைத் தாண்டுவதில்லை. வெப்பம் குறைந்தால் நேரம் நீளும். நேரம் நீண்டால் மாவின் ஈரம் வற்றும். ஈரம் வற்றினால் பீட்சா முறுகிவிடும். இக்குறையை அம்மையார் இரு வழிகளால் ஈடு செய்தார். மாவில் நீரைச் சற்று மிகுதியாகச் சேர்த்தார். தடித்த இரும்புத் தகடு ஒன்றை அடுப்பினுள் வைத்து, நெடுநேரம் காய்ச்சிய பின்னரே பீட்சாவை அதன்மேல் இட்டார். சில நிமிடங்களில் ஓரம் உப்பியது. ஆங்காங்கே கரும்புள்ளிகள் தோன்றின. நடுப்பகுதி மட்டும் ஈரமும் மென்மையும் குன்றாமல் இருந்தது.

ஒவ்வொருவர் தட்டிலும் ஒரு முழு வட்டம் வந்தது. வெட்டிய துண்டுகளாக அன்று. முழு நிலவைப்போல வந்தது. அருகே கத்தியும் முள்கரண்டியும் இருந்தன. முள்கரண்டியால் மெல்ல அழுத்தி, கத்தியால் ஒரு சிறு பகுதியை அறுத்து வாயில் இட்டேன். மாவு பற்களுக்கு வேலை வைக்கவில்லை. தக்காளியின் புளிப்பும் பாலாடையின் இனிமையும் இலையின் மணமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பின்னர் ஒன்றாகிக் கலந்தன. அத்தகைய உணவை விரைந்து உண்ண மனம் வராது. கத்தி இடும் ஒவ்வொரு கீற்றும் உண்பவனைச் சற்றே நிறுத்தி, சுவையை நினைக்கச் செய்கிறது.

உண்டுகொண்டே, “இதனைக் கையால் உண்ணலாகாதா?” என்று கேட்டேன். அம்மையார் சிரித்தார். தம் தட்டில் எஞ்சியிருந்ததை மடித்து எடுக்க முயன்று காட்டினார். சூடான குழம்பும் உருகிய பாலாடையும் மெல்லிய நடுப்பகுதியிலிருந்து வழிந்து தட்டில் விழுந்தன. “தெருவில் நின்று உண்பவர்கள் சிறியதாக வாங்கி, நான்காக மடித்துக் கையில் பிடித்து உண்பார்கள். நானும் சிறுமியாக இருந்தபோது அப்படித்தான் உண்டேன். மேசையில் அமர்ந்தால் கத்தி வேண்டும். இரண்டும் எங்கள் வழக்கந்தான்” என்றார். அப்போது எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. கத்தியும் முள்கரண்டியும் அங்கே பெருமைக்காக வைக்கப்பட்டவை அல்ல. உணவின் மென்மையே அவற்றை வேண்டி நின்றது.

இவ்வுண்மையை அறியாதவர்கள் நகைத்த வரலாறு நெடியது. ஆங்கில நாட்டுப் பயணி தாமஸ் கோரியட் என்பவர் 1608ஆம் ஆண்டில் இத்தாலியில் சுற்றுப்பயணம் செய்தார். அங்கே மக்கள் முள்கரண்டியைப் பயன்படுத்துவதைக் கண்டு, தாமும் அதனைக் கைக்கொண்டார். 1611ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் அதனைப் பற்றி எழுதினார். அக்காலத்து ஆங்கிலேயர் பெரும்பாலும் கையாலேயே உண்டவர்கள். ஆகையால் அவர் முள்கரண்டி ஏந்தியதைக் கண்டு நண்பர்கள் கேலி செய்தனர். இவரே பின்னாளில் பெரும்பாலும் கால்நடையாக இந்தியாவுக்கு வந்து, 1617ஆம் ஆண்டில் சூரத் நகரில் உயிர் நீத்தவர்.

நான்கு நூற்றாண்டுகள் கழிந்தன. 2014ஆம் ஆண்டு சனவரித் திங்களில், நியூயார்க் நகரத்தின் மேயராக அப்போதுதான் பொறுப்பேற்ற பில் டி பிளாசியோ ஓர் உணவகத்தில் பீட்சாவை முள்கரண்டியால் உண்டார். செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் அவரை எள்ளி நகையாடின. நியூயார்க்கில் பீட்சாவைத் துண்டுகளாக்கி, நீளவாக்கில் மடித்துக் கையால் உண்பதே வழக்கம். அங்குள்ள பீட்சா சற்று உறுதியாகச் சுடப்படுவது; மடித்துப் பிடித்தால் துவளாது. மேயரின் தாய்வழி முன்னோர் இத்தாலியர். தம் முன்னோர் நாட்டில் முள்கரண்டியால் உண்பதே வழக்கம் என்று அவர் விடை கூறினார். அவர் கூறியதும் சரி. நியூயார்க் மக்களின் வழக்கமும் சரி. நகைப்பு ஒன்றே பொருத்தமற்றது.

கோரியட் காலத்தில் கையால் உண்டவர் முள்கரண்டியைக் கண்டு நகைத்தனர். பிற்காலத்தில் முள்கரண்டியால் உண்டவர் கையால் உண்பவரைக் கண்டு முகம் சுளித்தனர். நம்மவரும் அச்சுளிப்பைக் கண்டு, தம் கையை நினைந்து நாணியதுண்டு. நாணத்திற்கு அங்கே காரணம் யாதுமில்லை. சோற்றையும் குழம்பையும் பதமாகப் பிசைந்து கலக்க விரல்களைவிடச் சிறந்த கருவி இல்லை. அவ்வாறே, மென்மையான பீட்சாவைச் சிந்தாமல் உண்ணக் கத்தியையும் முள்கரண்டியையும்விடச் சிறந்த கருவி இல்லை. கருவியில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. உணவுக்கு ஏற்றது எதுவோ அதுவே நாகரிகம்.

நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாக் கலைஞர்களின் கைத்திறனை 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றுப் பட்டியலில் சேர்த்தது. ஏழைகளின் தெருவுணவுக்குக் கிடைத்த சிறப்பு அது. ஓர் உணவை மதிப்பது என்பது அதன் சுவையை மட்டும் மதிப்பது அன்று. அதனைப் படைத்த கைகளையும், அதனை உண்ணும் முறையையும் சேர்த்து மதிப்பதாகும். புதிய நாட்டில் புதிய உணவின்முன் அமரும்போது, அங்குள்ளவர் எவ்வாறு உண்கிறார்கள் என்று ஒரு கணம் நோக்குவோம். ஏன் அவ்வாறு உண்கிறார்கள் என்று ஒரு கணம் எண்ணுவோம். காரணம் விளங்கியபின், நகைப்புக்கு அங்கே இடமிராது; விருந்தின் இன்பமே எஞ்சும்.