மார்கழிக் கடலும் மழலைக் கால்களும்

குடும்பமாகப் பயணம் புறப்படும்போது, செல்லும் இடத்தைப் பெரியவர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் அவ்விடத்தின் வெயிலையும் காற்றையும் முதலில் உணர்பவர்கள் குழந்தைகளே. மலைக்கோ நகரத்துக்கோ செல்கையில் இவ்வேறுபாடு அவ்வளவாக வெளிப்படுவதில்லை. கடற்கரைக்குச் சென்றால் உடனே தெரிந்துவிடும். நமக்கு முழங்காலளவாக வரும் அலை இரண்டு வயதுக் குழந்தைக்கு மார்பளவு. நாம் ரசிக்கும் பேரிரைச்சல் அதற்கு அச்சம். ஆகவே, சிறு பிள்ளைகளோடு கடலைக் காணச் செல்வோர் ‘எந்தக் கடற்கரை அழகானது?’ என்று கேட்பதற்கு முன், ‘எந்தக் கடற்கரை இந்த மாதத்தில் எங்கள் கடைக்குட்டிக்கு ஏற்றது?’ என்று கேட்பதே முறை.

நாங்கள் குன்னூர்வாசிகள். மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் மலையில் மூடுபனியும் தூறலும் மாறிமாறி வரும். உதகைப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் புல்வெளியெல்லாம் உறைபனியால் வெளுத்திருக்கும். பிள்ளைகள் கம்பளிச் சட்டைக்குள் அடைபட்டு, சளியும் இருமலுமாகச் சன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள். சமவெளி மக்கள் கோடையில் மலையேறி வருவதுபோல, மலைவாழ் மக்களாகிய நாங்கள் குளிர்காலத்தில் கடலை நோக்கி இறங்க விரும்புவது இயல்புதானே? அரையாண்டுத் தேர்வு முடிந்து, கிறிஸ்து பிறப்பு விழாவும் நிறைவுற்றபின் நான்கு நாட்கள் வெதுவெதுப்பான கடற்கரையில் தங்கிவர முடிவு செய்தோம். எட்டு, ஐந்து, இரண்டு என்று வயதுடைய மூன்று பிள்ளைகள், நாங்கள் இருவர், எங்களோடு பாட்டியம்மா.

பாட்டியம்மா மட்டும் உடனே இசையவில்லை. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை நம் கடற்கரைகளைச் சூறையாடிய ஆழிப்பேரலையை அவர்கள் மறக்கவில்லை. வேளாங்கண்ணிக் கரையிலே நின்றிருந்த திருப்பயணிகள் பலர் அலையோடு போன செய்தியைக் கேட்டு அழுதவர்கள் அவர்கள். “போகலாம். ஆனால் தண்ணீருக்குப் பக்கத்தில் சின்னவன் கையை யார் பிடித்துக்கொண்டிருப்பது என்று முதலில் சொல்லுங்கள்” என்றார்கள். எங்கள் ஆலோசனைகள் அனைத்துக்கும் அந்த ஒரு கேள்வியே அடிப்படையாயிற்று.

கடலுக்கும் பருவம் உண்டு

நிலத்துக்குப் பருவம் இருப்பதுபோலக் கடலுக்கும் உண்டு. அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலிலிருந்து தமிழகக் கரையை நோக்கி வீசுகிறது. மழையும் புயற்சின்னமும் அதனோடு வரும். அக்காலத்தில் கிழக்குக் கரையில் அலைகள் உயர்ந்து அடிக்கின்றன. அதே காற்று மேற்குத்தொடர்ச்சி மலையைக் கடந்து கேரளக் கரையை அடையும்போது, நிலத்திலிருந்து கடலை நோக்கிச் செல்லும் காற்றாகிவிடுகிறது. ஆகவே சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் கொந்தளித்துக் கிடந்த அரபிக்கடல், திசம்பரிலும் சனவரியிலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது.

இராமேசுவரம் தீவில் இவ்வுண்மையைக் கண்கூடாகக் காணலாம். ஒரே தீவின் வடபுறம் பாக் நீரிணைக் கடல். தென்புறம் மன்னார் வளைகுடா. வடகிழக்குக் காற்றின் காலத்தில் வடபுறம் கலங்குகையில் தென்புறம் அடங்கியிருக்கும்; தென்மேற்குக் காற்று வந்தால் நிலைமை தலைகீழாக மாறும். கடல் ஒன்றாயினும் அதன் முகம் மாதத்துக்கு மாதம் வேறு என்பதை அறிந்தபின், ஒவ்வோர் இடமாக எண்ணிப் பார்த்தோம்.

வேளாங்கண்ணி அன்னையின் திருத்தலம் எங்கள் உள்ளத்துக்கு நெருக்கமானது. அங்கே செபிக்கச் செல்வது வேறு. மழைக்காலக் கடலில் மழலைகளை இறக்கிவிடுவது வேறு. திருப்பயணத்தை ஆண்டின் மற்றொரு பருவத்துக்கு ஒத்திவைத்தோம். சென்னை மெரினாவோ உலாவவும் காற்று வாங்கவும் உகந்த இடம். கரையிலிருந்து சில அடிகளிலேயே ஆழம் கூடிவிடுவதால் அங்கே குளிப்பதற்குத் தடையுள்ளது. கன்னியாகுமரியைப் பெரியவன் விரும்பினான். 2000ஆம் ஆண்டின் முதல் நாளன்று திறக்கப்பெற்ற 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையைப் பாடநூலில் படித்திருந்தான். ஆயினும் முனையைச் சுற்றிப் பாறைகள் மிகுதி. விடுமுறை நாட்களில் படகுக்காக வெயிலில் நெடுநேரம் காத்திருக்கவும் நேரும். பிள்ளைகள் சற்றே வளர்ந்தபின் காணவேண்டிய ஊர் அது என்று அவனைத் தேற்றினோம். கோவாவின் கடற்கரைகள் அக்காலத்தில் இனியவையே. ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு அது நெடும்பயணம். செல்வதற்கும் திரும்புவதற்குமே விடுமுறை கரைந்துவிடும்.

இறுதியில் கொச்சிக்கு அருகிலுள்ள வைப்பின் தீவின் செறாயி கடற்கரையைத் தேர்ந்தோம். கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக எர்ணாகுளத்துக்குத் தொடர்வண்டியில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அங்கிருந்து செறாயி சுமார் 25 கிலோமீட்டர். திசம்பரில் பகல் வெப்பம் 31, 32 பாகை செல்சியசை ஒட்டி நிற்கும். இரவில் பெரும்பாலும் 23 பாகையை ஒட்டி இருக்கும். கம்பளிகளை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம்.

வல்லார்பாடத்து அன்னை

எர்ணாகுளத்திலிருந்து வைப்பினுக்குச் செல்லும் பாலங்கள் இடையிலே வல்லார்பாடம் என்னும் தீவைத் தொட்டுச் செல்கின்றன. அங்கே மீட்பின் அன்னையின் பேராலயம் உள்ளது. 1752ஆம் ஆண்டில் மீனாட்சி அம்மா என்ற பெண்மணி தம் குழந்தையோடு படகில் செல்கையில் புயலில் படகு கவிழ்ந்ததென்றும், மூன்றாம் நாள் மீனவர் வலையில் தாயும் சேயும் உயிரோடு மீட்கப்பட்டனரென்றும் மரபு கூறுகிறது. அப்பெண்மணி தம் வாழ்நாளை அவ்வாலயத்தின் பணிக்கே அளித்தாராம். அந்நன்றியின் நினைவாக இன்றும் திருப்பயணிகள் துடைப்பம் எடுத்து ஆலய முற்றத்தைப் பெருக்குகின்றனர். எங்கள் ஐந்து வயது மகள் தன்னைவிட உயரமான துடைப்பத்தை வாங்கி ஒரு மூலையைப் பெருக்கினாள். பாட்டியம்மாவோ நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தார்கள். வெளியே வந்தபோது அவர்கள் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்திருந்தது.

செறாயியில் நாங்கள் கண்டவை

செறாயியின் அமைப்பு விந்தையானது. குறுகிய சாலையின் ஒரு பக்கம் கடல்; மறுபக்கம் தென்னை நிழல் விழும் காயல். காயலில் சீனவலைகள் தூக்கி நிற்கின்றன. கடலோரத்தில் சில இடங்களில் கருங்கல் தடுப்புச்சுவர் உண்டு. அங்கே பிள்ளைகள் ஏறி விளையாடுவது தகாது. மணற்பரப்பு அகன்று, உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியையே நாங்கள் நாடினோம். நாங்கள் இருந்த நாட்களில் அலைகள் தாழ்ந்தே வந்தன. சின்னவனின் கணுக்காலைத் தொட்டு, மணலை அவன் பாதத்தடியிலிருந்து சிறிது அரித்துக்கொண்டு திரும்பின. முதல் நாள் அலறியவன் இரண்டாம் நாள் அலையைக் கைதட்டி அழைத்தான்.

மேற்குக் கரையில் மற்றொரு வசதியும் உண்டு. கிழக்குக் கரையில் கதிரவன் கடலிலிருந்து எழுவதைக் காணக் குழந்தைகளை இருட்டிலேயே எழுப்பவேண்டும். இங்கோ மாலை ஆறு மணியை ஒட்டி, இரவு உணவுக்கு முன்பே, அவன் கடலில் இறங்குவதை அவர்கள் காணலாம்.

ஆயினும் அமைதியான கடலும் கடலே. இரண்டாம் நாள் காலையில் எங்களுக்கு அருகில் விளையாடிய ஒரு குடும்பத்தின் பிள்ளையிடமிருந்து காற்றடைத்த மிதவை வளையம் ஒன்று நழுவியது. நாம் மேலே கூறிய அதே நிலக்காற்று, அலைகளை அடக்கும் அந்த இனிய காற்று, வளையத்தைக் கடலுக்குள் உருட்டிச் சென்றது. பிள்ளை வீறிட்டழுதது. தந்தை அதைப் பிடிக்க ஓடினார். இடுப்பளவு நீரை அவர் எட்டுவதற்குள் உயிர்காப்பாளர் சீழ்க்கையடித்து, கையைப் பற்றித் தடுத்துவிட்டார். சற்று நேரத்தில் வளையம் ஒரு புள்ளியாகி மறைந்தது. “அதற்குள் குழந்தை இருந்திருந்தால்?” என்று பாட்டியம்மா மெல்லக் கேட்டார்கள். எவரும் விடை கூறவில்லை. காற்றடைத்த மிதவைகள் குளத்துக்கு உரியவை, கடலுக்கு உரியவை அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் கற்பித்திருக்க முடியாது.

அந்த உயிர்காப்பாளர் மற்றொன்றையும் விளக்கினார். அலைகள் கரைக்குக் கொண்டுவரும் நீர் எப்படியும் திரும்பியாக வேண்டும். சில இடங்களில் அது ஒடுங்கிய வாய்க்கால்போல் விரைந்து உள்ளே செல்லும். அவ்விடத்தில் அலைகள் உடைவதில்லை; நீர் சற்றே கருத்து அமைதியாகத் தோன்றும். அறியாதவர்கள் ‘இங்கேதான் அலையில்லை’ என்று அங்கேயே இறங்குவர். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகியபின்னரே கரை திரும்பவேண்டும். குழந்தைக்கு இப்பாடம் பயன்படாது. குழந்தைக்குரிய ஒரே பாதுகாப்பு, கைக்கெட்டும் தொலைவில் நிற்கும் பெரியவர்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கை

ஆகவே பாட்டியம்மாவின் கேள்விக்கு நாங்கள் இவ்வாறு விடை கண்டோம். பெரியவர்கள் மூவர், பிள்ளைகள் மூவர். தண்ணீரருகே செல்லும் ஒவ்வொரு வேளையும் இன்னாருக்கு இன்னார் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படைத்தோம். பொறுப்பேற்றவர் கைப்பேசியை எடுப்பதில்லை, படம் பிடிப்பதில்லை. ‘எல்லாரும் பார்த்துக்கொள்வோம்’ என்ற சொல்லே ஆபத்தானது. எல்லாரும் பார்க்கும் குழந்தையை ஒருவரும் பார்ப்பதில்லை. பாட்டியம்மா அலையோரம் வர இயலாத வேளையில் சின்னவனும் மணலிலேயே விளையாடினான்.

காலை பத்து மணிக்குள் கரையை விட்டு அறைக்குத் திரும்பினோம். மாலை நான்கு மணிக்குப் பின்பே மீண்டும் சென்றோம். குளிர்காலமாயினும் உச்சிவெயில் குழந்தையின் தோலைச் சுடும். பருத்தித் தொப்பி, முழுக்கைச் சட்டை, ஒரு பெரிய குடை, நிறையக் குடிநீர் ஆகியவை உடனிருந்தன. அவ்வூர் உணவகத்தில் பதிமுகப்பட்டை இட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்பு நீரைப் பருகத் தருகின்றனர். நிறத்தைக் கண்டு முதலில் மிரண்ட பிள்ளைகள் பின்னர் அதையே விரும்பிக் கேட்டனர். புட்டும் அவித்த நேந்திரம் பழமும் சின்னவனின் காலை உணவாயின.

ஞாயிறன்று அருகிலுள்ள பள்ளிப்புரத்தின் மஞ்சுமாதா பேராலயத்தில் திருக்குடும்ப விழாத் திருப்பலியில் கலந்துகொண்டோம். மொழி மலையாளமாயினும் எந்த இடத்தில் எழவேண்டும், எங்கே முழந்தாளிடவேண்டும் என்பது பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. பெத்லகேமிலிருந்து எகிப்துவரை கைக்குழந்தையைச் சுமந்து சென்ற அந்தக் குடும்பத்தை, பயணத்தில் இருந்தபோது நினைத்தது எங்களுக்கு நெஞ்சில் நின்றது.

மற்றொரு மாலையில் கொச்சிக் கோட்டைப் பகுதிக்குச் சென்றோம். 1524இல் வாஸ்கோட காமாவின் உடல் முதலில் அடக்கம் செய்யப்பெற்ற புனித பிரான்சிசு ஆலயத்தையும், கற்களைக் கட்டித் தொங்கவிட்டுப் பலர் சேர்ந்து ஏற்றி இறக்கும் சீனவலைகளையும் பெரியவன் கண்கொட்டாமல் பார்த்தான். ஆண்டின் கடைசி இரவில் அங்கே பாப்பாஞ்சி என்னும் பெரிய உருவத்தை எரித்துப் புத்தாண்டை வரவேற்பர். அந்நாளில் கூட்டம் அளவுகடந்தது. சிறு பிள்ளைகளோடு செல்வோர் அதற்கு முன்பே பார்த்துத் திரும்புவது நன்று.

பயணம் எண்ணும் பெற்றோருக்கு

அடுத்த விடுமுறையில் கடலைக் காண எண்ணும் குடும்பங்கள், தங்குமிடத்துக்கு முன்பணம் அனுப்புமுன் சிலவற்றைக் கேட்டறிவது நலம். அம்மாதத்தில் அங்கே கடல் எப்படி இருக்கும்? உயிர்காப்பாளர் எந்நேரம் முதல் எந்நேரம் வரை நிற்கிறார்? அறைக்கும் நீருக்கும் இடையே வேலியோ கதவோ உண்டா? மருத்துவமனை எவ்வளவு தொலைவு? கரையை அடைந்ததும் மீனவரையோ உயிர்காப்பாளரையோ கேளாமல் நீரில் இறங்கவேண்டாம். அவர்கள் வேண்டாமென்றால் எவ்வளவு தொலைவிலிருந்து வந்திருந்தாலும் வேண்டாம் என்பதுதான்.

ஆழிப்பேரலை குறித்த அச்சம் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். 2007 முதல் ஐதராபாத்தில் நம் நாட்டின் எச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. கடலின் நிலை பற்றிய அறிவிப்புகளும் நாள்தோறும் வருகின்றன. அவற்றைக் கேட்டுச் செல்வோம். நிலம் நடுங்கினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, எந்த அறிவிப்புக்கும் காத்திராமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுநிலம் ஏறவேண்டும். இதைப் பெரிய பிள்ளைகளுக்கும் அச்சமூட்டாமல் சொல்லி வைக்கலாம்.

குழந்தைகளைக் கடலிலிருந்து ஒளித்து வளர்ப்பதற்கில்லை. கடலும் இறைவன் படைப்பே. அதன் அளவின்மையைக் கண்டு வியக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்த வியப்பைச் சிறு பிள்ளை அனுபவிக்க ஆழ்கடல் வேண்டியதில்லை. உரிய மாதமும், தாழ்ந்த அலையும், விரலை விடாத ஒரு பெரிய கையும் போதும்.