பார்பிக்கு எங்க பாப்பா நிறம்

போன சுவரிதழில் நான் வரைந்த பார்பி பொம்மை படத்தைப் பார்த்துவிட்டு, "எப்படிடி ஷேடிங் பண்ணினே?" என்று நிறைய பேர் கேட்டீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்தப் படத்தை விட அதற்கு அடுத்து வரைந்த படம்தான் எனக்குப் பெரிய கதை.

சென்னையில் வீட்டு வேலை செய்யும் எங்கள் அத்தை அந்தப் பொம்மையைக் கொண்டு வந்தார்கள். அங்கே ஒரு பாப்பா விளையாடி முடித்தது. ஒரு கை இல்லை, முகம் மட்டும் புதுசு மாதிரி இருந்தது. அதை ஜன்னல் ஓரம் சாய்த்து வைத்தேன். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு கன்னம் வெளிச்சமாக இருந்தால் இன்னொரு கன்னம், மூக்கின் அந்த ஓரம், தாடைக்குக் கீழே கழுத்து எல்லாம் நிழல். அதை எச்பி பென்சிலில் லேசாகக் குறித்துக்கொண்டு அப்புறம்தான் கலர்.

கலர் பென்சிலை அழுத்தவே கூடாது. நான் ஏழாம் வகுப்பு வரை அழுத்தி அழுத்தி அடிப்பேன். தாள் மெழுகு மாதிரி வழவழவென்று ஆகிவிடும், மேலே வேறு கலர் ஏறாது. பென்சிலைப் படுக்க வைத்துப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாக, ஒரு பூச்சின் மேல் இன்னொரு பூச்சு போட வேண்டும். முடியை வேரிலிருந்து நுனிக்கு இழுக்க வேண்டும். மின்னுகிற இடத்தில் தாளை அப்படியே வெள்ளையாக விட்டுவிட வேண்டும், பிறகு வெள்ளைப் பென்சிலால் கொண்டுவர முடியாது. பொம்மை பிளாஸ்டிக் என்பதால் அந்த மினுக்கு ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். மனுஷ முகத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி விட்டால்தான் உயிர் வரும். (பொம்மைக்கு ஏது உயிர் என்று கேட்காதீர்கள்.)

முகத்துக்கு 'ஸ்கின் கலர்' பென்சில். அது சுலபமாக முடிந்துவிட்டது.

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, "என் கலர்ல ஒரு பார்பி வரைஞ்சு குடுக்கா" என்றாள். டப்பாவைத் திறந்தேன். 'ஸ்கின் கலர்' அவள் நிறம் இல்லை. என் நிறமும் இல்லை. எங்கள் வகுப்பில் யார் கையோடு வைத்துப் பார்த்தும் பொருந்தவில்லை! சரி என்று பிரவுன் அடித்து, நிழலுக்குக் கருப்பை எடுத்துத் தேய்த்தேன். முகத்தில் கரி பூசினது போல் ஆகிவிட்டது. பாப்பா பார்த்தாள். "நான் இப்படியாக்கா இருக்கேன்?" என்று கேட்டுவிட்டுப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. கல்யாண வீட்டில் ஒரு சொந்தக்காரர் அவளைக் 'கருவாச்சி' என்றுதான் கூப்பிடுவார். விளையாட்டுக்குத்தானே என்பார்கள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தால் விளையாட்டாகத் தெரியாது. இப்போது நானும் அதையே செய்துவிட்டேனே என்று இருந்தது.

ஓவிய சாரிடம் படத்தைக் காட்டினேன். சார் என் டப்பாவிலிருந்து கருப்புப் பென்சிலை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "இது இல்லாம வரை. முதல்ல உன் தங்கச்சிய வெயில்ல உக்கார வச்சு நல்லா பாரு" என்றார். பிறகு ஒரு விஷயம் சொன்னார். பார்பி 1959-இல் அமெரிக்காவில் வந்தது. ரூத் ஹேண்ட்லர் என்ற அம்மா தன் மகள் பார்பராவின் பெயரை அதற்கு வைத்தார். கருப்பு நிறத்தில் ஒரு பொம்மைக்கு 'பார்பி' என்ற பெயர் கிடைத்தது 1980-இல்தான். அதை வடிவமைத்தவர் கிட்டி பிளாக் பெர்கின்ஸ், அவரும் கருப்பினப் பெண். நடுவில் 21 வருஷம்! அந்த ஊரில் கிரயோலா கம்பெனி ஒரு கிரேயானுக்கு 'ஃபிளெஷ்', அதாவது சதை நிறம் என்று வைத்த பெயரை 1962-இலேயே 'பீச்' என்று பழத்தின் பெயராக மாற்றிவிட்டது. நாம் இன்னும் "ஸ்கின் கலர் குடுடி" என்றுதான் கடன் கேட்கிறோம்.

சாயங்காலம் பாப்பாவை வாசல்படியில் உட்கார வைத்தேன். "அசையாதே" என்றால் அசைவாள். ஆனாலும் பார்த்தேன். தினமும் பார்க்கிற முகம்தான், ஆனால் நெற்றியில் ஆரஞ்சு இருந்தது. கன்னத்தில் செம்மண் மாதிரி ஒரு சிவப்பு. தாடைக்கடியில் கத்தரிப்பூ நிறம். கருப்பு எங்கேயும் இல்லை, கண்ணிலும் முடியிலும் தவிர.

முதலில் முகம் முழுக்க மஞ்சள் ஒரு பூச்சு. அதன்மேல் ஆரஞ்சு, பிறகு பிரவுன், கன்னத்தில் மட்டும் சிவப்பு, மறுபடி பிரவுன். எண்ணெய் மின்னுகிற நெற்றியை மஞ்சளும் ஆரஞ்சுமாகவே விட்டேன். கழுத்து நிழலுக்குப் பிரவுன் மேல் கருநீலத்தை லேசாக ஓட்டினேன். பயந்துகொண்டேதான் ஓட்டினேன், ஆனால் நிழல் அப்படியே உள்ளே போய்விட்டது. ஐந்து சாயங்காலம் ஆயிற்று. பிரவுன் பென்சில் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்து, பேனா மூடியில் செருகிப் பிடித்துத்தான் முடித்தேன்.

பாப்பா ரொம்ப நேரம் பார்த்தாள். "தோடு போடலையே" என்றாள். போட்டேன். உடனே சோற்றுப் பருக்கை தடவி, அவள் படுக்கிற இடத்துக்கு நேராகச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். சுவரிதழுக்கு வேண்டும் என்று எவ்வளவோ கேட்டேன், தர மாட்டேன் என்கிறாள். அதனால்தான் பக்கத்தில் படம் இல்லை. பார்க்க வேண்டும் என்றால் எங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும். கருப்புப் பென்சில் இன்னும் சாரிடம்தான் இருக்கிறது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி