திருக்கோவிலில் ஒரு மாலைப்பொழுது



கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஒரு தடவை மோட்டார் சைக்கிளில் போய்ப் பாருங்கள். ஏறத்தாழ 70 கிலோமீற்றர். கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்புவரை 430 கிலோமீற்றர் ஓடும் ஏ-4 நெடுஞ்சாலையின் ஒரு பகுதிதான் இது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். ஊர்களோ மணிகளைக் கோத்ததுபோல ஒன்றையடுத்து ஒன்றாக வரும். சாய்ந்தமருது முடிந்ததா, முடியவில்லையா என்று யோசிப்பதற்குள் காரைதீவு வந்துவிடும். 1892இல் விபுலானந்த அடிகள் பிறந்த ஊர் அது. பிறகு நிந்தவூர், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. அதற்கப்பால் தம்பிலுவிலும் திருக்கோவிலும். முஸ்லிம் ஊர், தமிழ் ஊர் என்று மாறி மாறி வரும் இந்தப் பாதையில் எல்லைக் கற்களைவிட, தெருவில் நடப்போரின் உடுப்பைப் பார்த்துத்தான் எந்த ஊர் என்று அறிகிறோம்.

2023 ஓகஸ்டில் நாங்கள் புறப்பட்டது உல்லாசப் பயணமல்ல. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் கணவர் பொத்துவிலில் பிறந்து கல்முனைக்கு வந்தவர். பொத்துவிலில் தனியாக இருக்கும் மாமிக்கு மறுநாள் காலையில் கண் சத்திரசிகிச்சை. அன்றிரவே நாங்கள் அங்கே நிற்கவேண்டும். விடிவதற்கு முன் அவரைக் கூட்டிக்கொண்டு வாகனம் ஏறவேண்டும்.

பகல் சாப்பாடு முடிந்ததும் நான், கணவர், நான்கு வயது மகன் மூவரும் கிளம்பினோம். உம்மா வாசலில் நின்று வழக்கமான புத்திமதியைச் சொன்னார்.

"தம்பிலுவில், திருக்கோவில் பக்கம் எங்கேயும் நிக்காமப் போங்க மகள்."

உம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். 1990இலும் அதற்குப் பின்னரும் இந்தக் கரையோரத்தில் இரு சமூகத்தாருமே உயிர்களை இழந்தார்கள். போர் 2009இல் முடிந்தது. ஆனால் தாய்மாரின் மனதில் அந்தப் பயம் இன்னும் முடியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

எங்கே நிற்கக்கூடாது என்றாரோ, அங்கேயேதான் வண்டி நின்றது!

தம்பிலுவிலைத் தாண்டும்போதே கருகல் வாடை அடித்தது. கணவர் முறுக்க முறுக்க எஞ்சின் அலறியது. வேகம் மட்டும் கூடவில்லை. திருக்கோவிலுக்குள் நுழைந்ததும் ஓர் ஆள் நடக்கும் வேகம்தான். பிறகு அதுவும் இல்லை. கச்சான் காற்று வீசும் காலம். முகத்தில் அனல் அடித்தது. நேரம் மூன்று மணி. இன்னும் 30 கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது. கோமாரிப் பக்கம் பொழுது சாய்ந்தால் யானைப் பயம்.

மகனைத் தூக்கிக்கொண்டு நான் நடக்க, கணவர் வண்டியை உருட்டினார். சற்றுத் தூரத்தில் தகரக் கொட்டகை போட்ட ஒரு கராஜ். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வண்டியை ஒருதரம் முறுக்கிப் பார்த்தார். ஒயில் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"காக்கா, கேபிளைத் தளர்த்தி விட்டா இப்ப கொஞ்சம் ஓடும். ஆனா கோமாரி தாண்ட மாட்டீங்க. கிளச் பிளேட் எரிஞ்சி போச்சு. பச்சப் புள்ளயோட நடுக்காட்டில நிக்கப் போறீங்களா?"

கிளச் என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? நம் தையல் மெசினை நினைத்துப் பாருங்கள். பொபினில் நூல் சுற்றும்போது சக்கரத்தின் நடுவிலுள்ள திருகைத் தளர்த்துகிறோம் அல்லவா? சக்கரம் சுழலும், ஊசி அசையாது. திருகை இறுக்கினால் இரண்டும் சேர்ந்து ஓடும். மோட்டார் சைக்கிளில் கிளச் செய்வதும் இதே வேலைதான். எஞ்சினின் ஓட்டத்தைச் சில்லுக்குக் கொடுக்கவும், கியர் மாற்றும் நேரத்தில் கொடுக்காமல் பிடித்து வைக்கவும் அது வேண்டும். உள்ளே உராய்வுப் பூச்சுள்ள பிளேட் ஒன்று, உருக்குப் பிளேட் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். ஸ்பிரிங்குகள் அவற்றை நெருக்கிப் பிடிக்கும். கைப்பிடியை இழுத்தால் பிடி தளரும், விட்டால் இறுகும். பூச்சு தேய்ந்துவிட்டால் எவ்வளவு நெருக்கினாலும் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் கருகும்.

எங்களுடைய வண்டிக்குரிய பிளேட் அவரிடம் இல்லை. அக்கரைப்பற்றில் நம்மவர் ஒருவரின் உதிரிப்பாகக் கடைக்குப் போன் செய்தார். கடைக்காரர் பிளேட்டுகளையும் ஒரு கேஸ்கட்டையும் பொட்டலமாகக் கட்டிப் பொத்துவில் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். பணம்? மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பார்களாம். பல வருடங்களாக இப்படித்தானாம். நாம் வீட்டுக்குள் இருந்து பயந்துகொண்டிருந்த இந்தப் பாதையில், இரண்டு மனிதர்கள் வாய்ப்பேச்சை நம்பி வியாபாரம் செய்து வந்திருக்கிறார்கள்!

பஸ் வரும்வரை அவருடைய மனைவி என்னை உள்ளே கூப்பிட்டார். "வா புள்ள, வெயிலுக்க நிக்காத." மகனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். வேலிக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. கடலைப் பார்த்து நிற்கும் சித்திர வேலாயுத சுவாமி கோவிலைப் பற்றிச் சொன்னார். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்கள் இவ்வழியேதான் போவார்களாம். பேச்சு எப்படியோ 2004 டிசம்பர் 26இல் வந்து நின்றது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோன நாள். அவர் தங்கையை இழந்தவர். நான் சாய்ந்தமருதில் என் சாச்சியை இழந்தவள். அதன்பிறகு கொஞ்ச நேரம் நாங்கள் பேசவில்லை.

நாலேகால் மணிக்கு பஸ் வந்தது. வண்டியை இடப்பக்கம் சாய்த்து வைத்து, வலப்பக்க மூடியைக் கழற்றினார். ஸ்பிரிங் ஆணிகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றித் தளர்த்தினார். ஒரே பக்கமாகக் கழற்றினால் கோணிவிடுமாம். வெளியே வந்த பிளேட்டுகளைப் பழைய பத்திரிகையில் வரிசை மாறாமல் பரப்பினார். பூச்சு கரிபோல உதிர்ந்தது. உருக்குப் பிளேட்டுகளை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து நெளிந்திருக்கிறதா என்று பார்த்தார், நல்லவேளை, நெளியவில்லை. புதிய பிளேட்டுகளை ஒயிலில் ஊறவைத்த பிறகே பூட்டினார்.

"ஏன் இப்படி ஆனது அண்ணன்?" என்று கணவர் கேட்டார்.

"ரெண்டு பிழை காக்கா. ஒண்டு, காருக்கு ஊத்துற ஒயிலை ஊத்தியிருக்கீங்க. மற்றது, கேபிளை இறுக்கி வச்சிருக்கீங்க."

மலிவாகக் கிடைத்தது என்று அந்த ஒயிலை ஊற்றச் சொன்னது நான்தான்! 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டியைப் பேணுவது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தும், சிக்கனம் என்று நினைத்துச் செலவை இழுத்துக்கொண்டேன்.

பிளேட்டுக்கு 4,200 ரூபா; கூலி 1,500. கணவர் கையில் 5,000தான் இருந்தது. நான் கைப்பையைத் துழாவினேன். அவர் 4,200ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். "தாய்க்கு வைத்தியம் பாக்கப் போறீங்க. வரும்போது தாங்க." எங்கள் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

ஐந்தேகாலுக்குப் புறப்பட்டோம். இலங்கைப் பெருநிலத்தின் கிழக்குக் கோடியான சங்கமன்கண்டியைத் தாண்டி, கோமாரியையும் தாண்டி, பொத்துவிலுக்குள் நுழையும்போது மஃரிப் பாங்கு கேட்டது. மாமி வாசலிலேயே இருந்தார்.

மூன்றாம் நாள் திரும்பும்போது திருக்கோவிலில் நின்றோம். கூலியோடு மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்றையும் கொடுத்தோம். முதலில் வாங்க மறுத்தார். மனைவி கண்ணைக் காட்டவும் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா நெடுநேரம் யோசித்துவிட்டு, "அந்தப் புள்ளைக்கு ஒரு சாரியும் குடுத்திருக்கலாமே" என்றார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு வண்டிக்காகச் சில வார்த்தைகள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் ஒரே ஒயில்தான். எனவே டப்பாவில் ஜாசோ எம்.ஏ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். கிளச் கைப்பிடியின் நுனி 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை சும்மா அசையவேண்டும். ஓடும்போது கைப்பிடியில் விரலை வைத்துக்கொண்டே இருக்கக்கூடாது. ஸ்கூட்டி ஓட்டும் தங்கைமாருக்குக் கைப்பிடிக் கிளச் இல்லை. அது வேகம் கூடும்போது தானாகவே பிடிக்கும். ஆனாலும் மேட்டில் நிற்கும்போது முறுக்கிப் பிடித்து நிற்காமல் பிரேக்கைப் பிடியுங்கள். கருகல் வாடை வந்தால் "வீடு போய்ப் பார்ப்போம்" என்று ஓட்டாதீர்கள். அருகிலுள்ள ஊரில் நிறுத்துங்கள். அது எந்த ஊராக இருந்தாலும் சரி.