எங்க வீட்டு 850 வெள்ளிக் கணக்கு



கொஞ்சம் நீண்ட பதிவு. 2026 பிப்ரவரி 1-ம் தேதி தைப்பூசம். தண்ணீர்ப் பந்தல் வேலை ஆரம்பிச்சிட்டா எழுத நேரம் கிடைக்காது, அதனால இப்பவே எழுதிடுறோம். பொறுமையா வாசிங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கிட்டு இருந்தோம். புதுசா தொண்டுக்கு வர்ற ஒரு தங்கச்சி கேட்டாங்க: "அக்கா, மாசச் சாமானுக்கு எவ்வளவு எடுத்து வைக்கிறீங்க? எங்களுக்கு எவ்வளவு வச்சாலும் இருபதாம் தேதிக்குள்ள காலியாயிடுது." அவ்வளவுதான், சுத்தி உட்கார்ந்திருந்த எல்லாரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சிட்டாங்க. ஆளுக்கு ஒரு கடை, ஆளுக்கு ஒரு யோசனை. நாங்க மட்டும் அன்னைக்கு வாயைத் திறக்கல. போன வருஷம் மூணு மாசம் சொன்ன கணக்குல நின்னு காட்டினோம்னு பெருமைப்பட்டவங்க நாங்க. அந்தப் பெருமை எப்படி முடிஞ்சதுன்னு அங்கே சொல்ல மனசு வரல. இங்கே சொல்றோம்.

எங்க வீடு கிள்ளான்ல. ஐந்து பேர். நாங்க ரெண்டு பேர், 19 வயசு மகன், படிவம் 2 படிக்கிற மகள், அப்புறம் பாட்டி. எங்களில் ஒருத்தர் தினமும் கொமூட்டர் ஏறி கே.எல். சென்ட்ரல் போய் வேலை செய்யறவர், இன்னொருத்தர் வீட்டிலேயே தையல். பாட்டிக்கு 74 வயசு. காப்பார் பக்கம் ஒரு தோட்டத்துல பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவங்க. இருபது வருஷமா சர்க்கரை, மாத்திரையில ஓடுது.

2025 பிப்ரவரியில ஒரு ஞாயித்துக்கிழமை மூணு மாச ரசீதையும் தரையில பரப்பிப் பார்த்தோம். 1,180 வெள்ளி. 1,090 வெள்ளி. 1,240 வெள்ளி. மளிகை, மீன், கோழி, காய், சோப்பு எல்லாம் சேர்த்து. கிரெடிட் கார்டுல குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி, மீதியைத் தள்ளிக்கிட்டே வந்திருக்கோம். இனிமே மாசம் 850, அதுக்கு மேல ஒரு காசு இல்லைன்னு முடிவு பண்ணோம்.

850 எங்கிருந்து வந்தது? வீட்டுத் தவணை, கார் தவணை, மின்சாரம், டியூஷன், கார்டு பாக்கி எல்லாம் கழிச்சா மிச்சம் அவ்வளவுதான். யாருக்கு என்ன சாப்பாடு தேவைன்னு ஒரு வரிகூட எழுதல. இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

ஒரு தாளில எழுதி ஐஸ் பெட்டியில ஒட்டினோம். செஞ்சது இதெல்லாம்:

– வாரத்துக்கு 200 வெள்ளி, நாலு உறை. மீதி 50 அவசரத்துக்கு. உறை காலின்னா அடுத்த வாரம்தான்.

– எண்ணெய் 1 கிலோ பாக்கெட், அரசாங்க மானிய விலை 2 வெள்ளி 50 காசு. எல்லாக் கடையிலும் எப்பவும் இருக்காது, கண்ணில பட்டா வாங்கிடணும். சீனி கிலோ 2.85, மாவு 1.35. இதுவும் கட்டுப்பாட்டு விலைதான்.

– முட்டை ஏ கிரேடுல இருந்து சி கிரேடுக்கு மாறினோம். அப்போ விலைக் கட்டுப்பாடு இருந்தது. 30 முட்டைத் தட்டு ஏ 12.60, சி 11.40. (2025 ஆகஸ்ட் 1-ல இருந்து முட்டை மானியமும் கட்டுப்பாடும் எடுத்தாச்சு, இப்போ கடைக்குக் கடை பார்த்துத்தான் வாங்கணும்.)

– காய்கறி மேரு பாசாரில. பக்கத்து வீடு ரெண்டும் சேர்ந்து மூணு பங்கு. தக்காளி, வெங்காயம், கத்தரிக்காய் மொத்தமா எடுத்தா நல்லா மிச்சமாகுது.

– அரிசி. இதுதான் பெரிய மாற்றம். அதுவரைக்கும் பிரிக்பீல்ட்ஸ்ல ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் பொன்னி புழுங்கல் அரிசி வாங்கி வருவோம். அதை விட்டுட்டு உள்ளூர் வெள்ளை அரிசிக்கு மாறினோம். 10 கிலோ 26 வெள்ளி.

புழுங்கல் அரிசி ஏன் விலை ஏறிச்சுன்னு பலருக்கு ஞாபகம் இருக்கும். 2023 ஜூலை 20-ல இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை பண்ணாங்க. அடுத்த மாசம் 25-ம் தேதி புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு வரி. இங்கே செப்டம்பர் 1-ல இறக்குமதி வெள்ளை அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியில இருந்து 3,200 ஆச்சு. உள்ளூர் அரிசிக்கு ஆளாளுக்கு அலைஞ்சதும் அப்போதான். 2024 கடைசியில இந்தியா தடையையும் வரியையும் எடுத்துட்டாங்க. ஆனா கடையில ஏறின விலை அவ்வளவு சுலபமா இறங்குமா? எங்க தாளில பெரிய வரி அதுதான், அதனால அதில கை வச்சோம்.

மார்ச் 1,040. ஏப்ரல் 960. மே மாசம் 846! நாலு வெள்ளி மிச்சம். தாளைப் படம் பிடிச்சு குடும்ப வாட்சப்புல போட்டோம். ஜூன் 838. ஜூலையும் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்தது.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி. கோவில்ல கூழும் சர்க்கரைப் பொங்கலும். முந்நூறு பேருக்கு மேல. நாங்க ரெண்டு பேரும் பந்தியில நிக்கிறோம். எங்க கோவில் ஸ்டோரைப் பார்த்துக்கிற ஐயா ஒருத்தர் இருக்கார். கணக்கு ஐயான்னு கூப்பிடுவோம். பள்ளிக்கூட நோட்டுல தேதி போட்டு, முதல் வரியில எத்தனை பேர்னு எழுதுவார். அப்புறம் பெரியவங்க எத்தனை, பிள்ளைங்க எத்தனை. அதுக்குப் பிறகுதான் எத்தனை கிலோ அரிசி. ஒரு கிலோவுக்கு எட்டிலிருந்து பத்து பேர், பருப்பு இவ்வளவு, பல் இல்லாதவங்களுக்குக் குழைய வடிச்சது தனி. "ஆளை எழுதாம அரிசியை எழுதாதே" – புதுசா யார் வந்தாலும் அவர் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் அது. கை நீட்டத் தயங்கி ஓரமா நிக்கிறவங்களைத் தேடிப் போய் "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்கணும்னு ரெண்டாவது பாடம்.

எட்டரை மணிக்கு மகள் போன் பண்ணினா. "பாட்டிக்கு வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, என்னமோ மாத்தி மாத்திப் பேசுறாங்க." சீனித் தண்ணி கலக்கிக் கொடுத்திட்டேன்னு அவளே சொன்னா. பள்ளிக்கூடத்துல முதலுதவி கத்துக்கிட்டது அன்னைக்கு உதவிச்சு. கோவில் வேட்டி, சேலையோடவே ஓடினோம். மருத்துவமனை அவசரப் பிரிவில சர்க்கரை பார்த்தாங்க, 3.1.

தாதி ஒரு தமிழ்ப் பொண்ணு. குனிஞ்சு கேட்டாங்க, "பாட்டி, ராத்திரி சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேம்மா."

"என்ன சாப்பிட்டீங்க?"

பாட்டி எங்க முகத்தைப் பார்த்தாங்க. அப்புறம் சன்னமா, "ரெண்டு பிஸ்கட்டு."

"மத்தியானம்?"

பதில் இல்லை.

டாக்டர் சொன்னது சுருக்கம்தான். இந்த மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சர்க்கரை இப்படித்தான் இறங்கும், தூக்கத்துல இறங்கியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

வீட்டுக்கு வரும்போது மணி ஒண்ணு. யாரும் தூங்கல. மெல்ல மெல்லத்தான் கேட்டு வாங்கினோம். வெள்ளை அரிசி சாப்பிட்டா சர்க்கரை ஏறும்னு பாட்டிக்குப் பயம். புழுங்கல் அரிசி இல்லைன்னு ஆனதும் ஒரு கரண்டி சோறோட நிறுத்திக்கிட்டாங்க. உளுந்து விலைன்னு தோசையை வாரத்துல ரெண்டு நாள் ஆக்கினோம், மத்த நாள் பசியாற வெறும் தேத்தண்ணி. பால் மாவு டின் தீர்ந்தப்போ "அடுத்த மாசம் வாங்கிக்கலாம்மா"ன்னு அவங்களே சொன்னாங்க. நாங்களும் சரின்னுட்டோம். மே மாசம், 846 வந்த அதே மாசம்.

ஏன் பாட்டி சொல்லலைன்னு கேட்டோம். அவங்க ஐஸ் பெட்டியில இருந்த தாளைக் காட்டினாங்க. "அது தாண்டிட்டா நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிறீங்க. பிள்ளைங்க அறைக்குள்ள போய் கதவைச் சாத்திக்குதுங்க. அதுக்கு ஒரு கை சோறு குறைச்சுக்கிறது லேசு."

தோட்டத்துல அவங்க பழகினது அது. கடையில புத்தகத்துக்குச் சாமான். சம்பளத்தன்னைக்குக் கடன் அடைச்சுட்டு மிச்சத்துல வீடு ஓடணும். மரம் வெட்டிட்டு வந்து சமைச்சு, புருஷன் சாப்பிட்டு, பிள்ளைங்க சாப்பிட்டு, சட்டியில என்ன இருக்கோ அது அவங்களுக்கு. எங்ககிட்ட இந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருக்காங்க. நாங்களும் 'அந்தக் காலம்'னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம். எங்க வீட்டு மேசையிலேயே அது நடக்கிறது தெரியல.

உண்மையைச் சொல்லணும்னா நாங்க ஒண்ணும் 850-ல நிக்கல. நாங்க ஆயிரத்துக்குப் பக்கத்துலதான் இருந்தோம். மிச்சத்தைப் பாட்டி தன் வயித்துல இருந்து எடுத்துக் கட்டினாங்க. வாரா வாரம் முன்பின் தெரியாதவங்களைத் தேடிப் போய் "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்கிற நாங்க, வீட்டுல அதைக் கேட்கல. இதை எழுதறதுக்கே வெட்கமா இருக்கு.

அடுத்த நாள் அந்தத் தாளைக் கிழிச்சோம். கணக்கு ஐயா மாதிரி ஒரு நோட்டு வாங்கினோம். முதல் பக்கத்துல சாமான் பெயர் எழுதல, ஆள் பெயர் எழுதினோம்.

பாட்டி: புழுங்கல் அரிசி 5 கிலோ, பால் மாவு 1 டின், உளுந்து, கீரை, வாரம் ரெண்டு நாள் மீன். இந்த வரியில யாரும் கை வைக்கக் கூடாது.

மகள்: பள்ளிக்குக் கட்டிக் கொடுக்கிற சாப்பாடு, பழம். மகன்: முட்டை, ரொட்டி. அப்புறம் நாங்க. அதுக்குப் பிறகுதான் சோப்பு, தூள், மத்ததெல்லாம்.

கூட்டினா 930 வந்தது. 850-க்குள்ள அடக்க முடியாதுன்னு ஒத்துக்கிட்டோம். கூடுதல் 80-ஐ வயித்துல தேடல. டிவி பேக்கேஜைக் குறைச்சோம். சனிக்கிழமை ராத்திரி மாமாக் கடை மாசத்துக்கு ஒரு தடவைன்னு ஆச்சு. பாக்கெட் முறுக்கு, 3-இன்-1 பானம், ஐஸ்கிரீம் மூணும் உறையில காசு மிஞ்சினா மட்டும். உறை முறை, பாசார் பங்கு, சி கிரேடு முட்டை எல்லாம் அப்படியேதான் இருக்கு. அதெல்லாம் நல்ல பழக்கம்தான். ஆரம்பிச்ச இடம்தான் தப்பு.

பிறகுதான் கவனிச்சோம், ஊழியர் சேமநிதி வாரியமும் மலாயாப் பல்கலைக்கழகமும் 2019-ல வெளியிட ஆரம்பிச்ச 'பெலாஞ்சாவான்கு' வழிகாட்டியும் இப்படித்தான். கிள்ளான் பள்ளத்தாக்குல தனி ஆளுக்கு, தம்பதிக்கு, பிள்ளை உள்ள குடும்பத்துக்கு, முதியவங்களுக்குன்னு ஆளைப் பிரிச்சுட்டுத்தான் வெள்ளிக்கு வர்றாங்க. கணக்கு ஐயா அதைப் படிச்சிருக்க மாட்டார்!

ஆகஸ்ட் 31-ல இருந்து 18 வயசுக்கு மேல எல்லாக் குடிமக்களுக்கும் சாரா உதவி 100 வெள்ளி மைகார்டுல வந்ததே, எங்க வீட்டுல நாலு பேருக்கு 400. கையில காசா வராம கார்டுல வந்ததால, 'இது தனி'ன்னு நினைச்சு இஷ்டத்துக்குச் செலவு பண்ற ஆசை எல்லாருக்கும் வந்தது. டிசம்பர் 31-க்குள்ள முடிக்கணும். நாங்க மாசம் ஒரு கார்டுன்னு வச்சு, அரிசியும் முட்டையும் எடுத்து, அதே நோட்டுல எழுதினோம். பாட்டி தன் கார்டை நீட்டி "பேரனுக்கு மைலோ வாங்கு"ன்னாங்க. இந்தத் தடவை நாங்க கேட்கல. 2026 பிப்ரவரியில இன்னொரு 100 வரும்னு பட்ஜெட்டுல அறிவிச்சாங்க. அதுக்கும் இப்பவே நோட்டுல ஒரு பக்கம் ஒதுக்கியாச்சு.

செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தீபாவளி மாசம் ஒண்ணுலதான் 930-ஐத் தாண்டினோம், 60 வெள்ளி. சண்டை போடல. பாட்டியோட சர்க்கரையும் ஒழுங்கா இருக்கு.

தங்கச்சி, அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு இதுதான் பதில். எவ்வளவு வைக்கணும்னு எங்களால சொல்ல முடியாது. உங்க வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு முதல்ல எழுதுங்க. வீட்டுல சர்க்கரை மாத்திரை போடுற பெரியவங்க இருந்தா, சாப்பாட்டு வழக்கத்தை மாத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. மிச்சம் பிடிச்ச மாசத்துல, அது யார் தட்டுல இருந்து வந்ததுன்னு ஒரு தடவை பாருங்க.

இந்தப் பதிவைப் போடறதுக்கு முன்னாடி பாட்டிகிட்ட வாசிச்சுக் காட்டினோம். "என் கதையைத் தாராளமா எழுதுங்க, ஆனா புழுங்கல் அரிசி விலையையும் சேர்த்து எழுதுங்க, நாலு பேருக்கு உதவும்"னாங்க. போன வாரம் பிரிக்பீல்ட்ஸ்ல வாங்கினது 5 கிலோ 27 வெள்ளி. இதைவிடக் குறைச்சலா கிள்ளான்ல எங்கேயாவது கிடைச்சா கீழே சொல்லுங்க, பாட்டிக்கு உடனே வாசிச்சுக் காட்டிடுறோம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில பார்ப்போம். வாங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க.

வேல் வேல் 🙏