சொந்த வீடும் அதன் பயனும்



வீடு கட்டுவோர் மதரஸா ஆசிரியரிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. கிப்லா எந்தப் பக்கம்? கழிப்பறை அதை நோக்கி அமையலாமா? வாஸ்து பார்க்கலாமா? இவற்றுக்கு விடை சொல்வது எளிது. நம் தமிழகத்தில் கிப்லா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. கட்டடத்துக்குள் சலுகை உண்டென இமாம்கள் பலர் கூறியிருப்பினும், கழிப்பறையில் கிப்லாவை முன்னோக்காமலும் பின்னோக்காமலும் அமர வழிசெய்வதே பேணுதல். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே நிகழ்வதால் வாஸ்துவுக்கு வேலையில்லை. காற்றும் வெளிச்சமும் வருமா என்று பார்த்தால் போதும்.

ஆனால், இவற்றினும் பெரிய கேள்வியை எவரும் கேட்பதில்லை: இந்த வீட்டின் பயன் யாருக்குக் கிடைக்கப் போகிறது?

ஃபிக்ஹில் வாடகை குறித்த பாடத்தை நடத்தும்போது மாணவர்களுக்கு இரண்டு சொற்களை முதலில் விளக்குவேன். ஒன்று ‘ஐன்’, அதாவது பொருள். மற்றொன்று ‘மன்ஃபஅத்’, அதாவது அப்பொருளின் பயன். வீட்டை வாங்கியவருக்கு இரண்டும் உரிமை. வாடகைக்கு இருப்பவர், குறித்த காலத்துக்குப் பயனை மட்டும் விலை கொடுத்துப் பெறுகிறார். பல ஆண்டுகளாக வாடகை வீட்டில் குடியிருக்கும் எனக்கு இப்பாடத்தின் மீது தனிப் பற்று உண்டு. அவ்வீட்டில்தான் என் பிள்ளைகள் ஓதக் கற்றார்கள். அங்குதான் விருந்தினர் வந்து தங்கினார்கள். பொருள் என்னுடையதன்று, பயனில் குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இதற்கு நேர்மாறான நிலையை நம் கடலோர ஊர்களில் காண்கிறோம். வாசலில் கிரானைட், முகப்பில் கண்ணாடி, உள்ளே ஃபால்ஸ் சீலிங் என எழும்பிய மாளிகைகள் பூட்டிக் கிடக்கின்றன. கட்டியவர் வளைகுடாவில் மூவர் பங்கிடும் ஓர் அறையில் உறங்குகிறார். பொருள் அவருடையது, பயன் பூட்டுக்குள் இருக்கிறது.

துபாயில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவர் தம் வீட்டு வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். குளியலறையுடன் கூடிய நான்கு படுக்கையறைகள், இரண்டு மாடி உயரக் கூடம், ஓபன் கிச்சன். தொழுகைக்கு மாடிப்படியின் அடியில் ஓரிடம். ஆண்டில் முப்பது நாள் ஊருக்கு வருபவர் அவர். “இவ்வளவு பெரிய வீடு எதற்குத் தம்பி?” என்று கேட்டேன். “மகளுக்கு வீடு கொடுக்க வேண்டுமே உஸ்தாத். எலிவேஷன் நன்றாக இல்லாவிட்டால் சம்பந்தம் பேச வருபவர்கள் என்ன நினைப்பார்கள்?” என்றார். மகளுக்கு வயது எட்டு.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுப்பது பழைய வழக்கம். பெண் தன் வீட்டிலேயே, தாயின் அருகிலேயே வாழ்வதில் பாதுகாப்பு உண்டு. அன்பளிப்பாக இருக்கும்வரை அது அழகானது. திருமணத்துக்கான நிபந்தனையாக மாறும்போது, மஹர் கொடுக்க வேண்டிய தரப்பு வீடு கேட்கும் தரப்பாகிவிடுகிறது. தந்தையோ வங்கியின் வாசலில் நிற்கிறார்.

அந்தக் கணக்கையும் பார்ப்போம். 30 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 26,000 ரூபாய். மொத்தம் கட்டுவது 62 லட்சத்துக்கும் மேல். அசலைவிட வட்டியே அதிகம். அதுவரை பத்திரம் வங்கியில் அடமானம். வட்டிக்கு எதிராக அல்லாஹ் குர்ஆனில் செய்துள்ள எச்சரிக்கை எவ்வளவு கடுமையானது என்பதை நாம் அறிவோம். அதன் மீது எழுப்பிய சுவர்களுக்குள் மன அமைதியை எங்ஙனம் தேடுவது?

வீட்டின் அமைப்பிலும் இதே கேள்வி எழுகிறது. நம் முன்னோர் திண்ணை வைத்தார்கள். வந்தவர் அமர இடமிருந்தது. நடுவே முற்றம் வைத்தார்கள். பெண்கள் வெளியார் பார்வை படாமல் காற்றும் வெயிலும் பெற்றார்கள். பெண்கள் வீட்டுக்கு வீடு சென்றுவர ‘முடுக்கு’ எனும் தனிச் சந்து இருந்தது. இன்று ஓபன் கிச்சனுக்குப் பெருந்தொகை செலவிட்டுவிட்டு, ஆண் விருந்தினர் வந்ததும் பெண்கள் அறைக்குள் ஒதுங்குகிறார்கள். சில மாதங்களில் அங்கே ஒரு திரைச்சீலை தொங்குகிறது. யாருடைய வாழ்க்கைக்காக அந்த வரைபடம் போடப்பட்டது?

மார்க்கம் பெரிய வீட்டை வெறுக்கவில்லை. விசாலமான வீட்டை மனிதனின் நற்பேறுகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். அதனுடன் நல்ல அண்டை வீட்டாரையும் சேர்த்தே சொன்னார்கள். கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, மூன்றாவது விருந்தினருக்கு, நான்காவது ஷைத்தானுக்கு என்ற கருத்துடைய ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தேவைக்கு மிஞ்சிப் பெருமைக்காகச் சேர்ப்பதையே நான்காவது விரிப்பு குறிப்பதாக அறிஞர்கள் விளக்குகிறார்கள். விருந்தினருக்குரிய விரிப்பு அந்தக் கணக்கில் விடுபடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனத்தில், நம் வீடுகளை நமக்கு அமைதி பெறும் இடமாக ஆக்கியிருப்பதை அல்லாஹ் தன் அருட்கொடையாக நினைவூட்டுகிறான். அங்கே வரும் ‘ஸகன்’ என்னும் சொல் அமைதியையும் குடியிருப்பையும் ஒருங்கே குறிக்கிறது.

மாணவரிடம் இவற்றைச் சொன்னேன். வரைபடத்தை மீண்டும் பார்ப்பதாகக் கூறியிருக்கிறார், முடிவு அவருடையது. வீடு கட்ட எண்ணும் உங்களிடமும் கேட்க விரும்புவது இதுவே. கடன் இல்லாமல் இயலும் அளவு எது? கீழ்த்தளத்தை இப்போது கட்டி, மேல்தளத்தைப் பிறகு பார்க்கலாகாதா? குடும்பத்தார் சேர்ந்து தொழ ஓர் இடமும், பெண்கள் தயக்கமின்றி நடமாட வழியும், விருந்தினருக்கு ஒரு விரிப்பும் இருக்கின்றனவா? இவை இருந்தால் 600 சதுர அடியும் விசாலமே.

பத்திரத்தில் எவர் பெயர் இருந்தாலும், பொருளின் உண்மையான உரிமையாளன் அல்லாஹ்வே. நமக்குத் தரப்பட்டிருப்பது சில காலத்துக்கான பயன் மட்டுமே. அதைக் குறித்து நாம் விசாரிக்கப்படுவோம். நம் வீடுகளை அவன் அமைதியின் இருப்பிடங்களாக ஆக்கி அருள்வானாக! வீடில்லாதோருக்கு ஹலாலான வழியில் வீட்டைத் தந்தருள்வானாக! ஆமீன்.